பச்சைச் சான்று

கோயம்புத்தூரில் நல்லவர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறிய காலம் அது. முன்பெல்லாம் ஒருவர் நல்லவரா என்று தெரிந்துகொள்ள அவரோடு ஒரே காம்பவுண்டில் குடியிருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க வேண்டும். இப்போது அந்தச் சிரமமெல்லாம் இல்லை. மதுக்கரைக்கு அப்பால் கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போய் நாலு அட்டையைச் சுட்டுக் காட்டினால் போதும். துப்பாக்கியின் முதுகில் பச்சை விளக்கு எரிந்தால் நல்லவர். சிவப்பு எரிந்தால், இத்தனை நாள் அவரை நம்பிய நாம்தான் ஏமாளிகள்.

விளையாட்டுத் துப்பாக்கி எதுவானாலும் அதில் மனப்பூட்டு இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து இப்படி. சுடுகிறவர் மாட்டிக்கொள்ளும் காதுக் கவசம் அவர் மூளையை ஒட்டுக் கேட்கும். துப்பாக்கியை நீட்டியிருக்கும்போது மனத்தில் ஒரு மனித முகம் வந்தால் அந்தக் கணமே விசை பூட்டிக்கொள்ளும். யாரையாவது கொல்ல நினைக்கிறவன் கையில் துப்பாக்கி வெறும் இரும்பாகிவிடும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஊரில் எந்த நல்ல ஏற்பாட்டுக்கும் ஒரு சான்றிதழ் அடித்து, அதில் முத்திரை குத்தினால்தான் மனசு ஆறும். பச்சைச் சான்று பிறந்தது. கல்யாணத் தரகர்கள் கேட்டார்கள். பள்ளிக்கூடங்கள் கேட்டன. ஆஸ்பத்திரிகள் ஊழியர்களிடம் ஆண்டுதோறும் கேட்டன. வாழ்க்கையில் பட்டாசுகூட வெடிக்காதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை இடுப்பில் துப்பாக்கியோடு குவாரியில் வரிசையில் நின்றார்கள்.

டாக்டர் தமயந்தி அந்தக் கூட்டத்தோடு வந்தவள் அல்ல. பூட்டு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கிளப்பில் சுடுகிறவள். வாரம் முழுவதும் ஆட்களை அசையாமல் படுக்க வைக்கும் மயக்க மருந்து டாக்டருக்கு, வாரத்தில் ஒரு நாளாவது ஓட வேண்டும் போலிருக்கும். இந்த விளையாட்டு ஓட்டம்தான். பீப் சத்தம் கேட்டதும் உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, பீப்பாய்களுக்குப் பின்னாலும் மரத்தடுப்பின் ஜன்னல் வழியாகவும் ஓடி ஓடிச் சுட வேண்டும். பழுப்பு அட்டை எதிரி. வெள்ளை அட்டை பிணைக் கைதி. அதில் பட்டால் மார்க் போகும். குறியும் வேண்டும், வேகமும் வேண்டும். நாற்பத்தெட்டு வயதில், முழங்கால் முனகினாலும், கிளப்பில் அவளை முந்தியவர்கள் குறைவு.

அப்படிப்பட்டவள் அன்று காலை பீப்பாய் ஓரம் நின்று, உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டேயிருந்தாள். மூன்று வாரம் முன்பு அவள் துப்பாக்கி சிவப்பு காட்டியிருந்தது. முதல் சிவப்பு கிளப்போடு போகும். இரண்டாவது சிவப்பு லைசென்ஸைத் தின்றுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகும். சிவப்பு காட்டிய கையில் எந்த ஆஸ்பத்திரியும் ஊசி தராது.

"ஏனுங்க டாக்டரம்மா, நடுங்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் மயில்சாமி. சூலூர்ப் பக்கம் மனை விற்பவர். மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பதற்காகக் கிளப்பில் சேர்ந்தவர். சுடுவதைவிட, சுட்ட ஓட்டைகளை ஒட்டுவதில்தான் அவருக்கு இஷ்டம். ஒருவர் சுட்டு முடித்ததும் மற்றவர்கள் போய் அட்டைகளில் உள்ள ஓட்டைகளைப் பழுப்புத் தாள் வில்லையால் ஒட்டுவது இந்த விளையாட்டின் வழக்கம். மற்றவர்கள் எச்சில் தபால்தலை மாதிரி அப்பிவிட்டு வந்துவிடுவார்கள். மயில்சாமி விளிம்பு பிசகாமல், கட்டைவிரலால் நீவி நீவி ஒட்டுவார். அன்று அவர் போட்டிருந்த சட்டையும் அட்டை நிறம்தான்.

"நடுக்கமெல்லாம் இல்லைங்க. குளிரு," என்றாள் தமயந்தி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குவாரிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது உண்மைதான்.

"எனக்கும் அதே குளிருதானுங்க. செவ்வாக்கெழம குடலிறக்கத்துக்கு ஆப்பரேசன். நம்ம சேர்மன் சாருதான் பண்றாரு. நீங்கதான மயக்க ஊசி?"

"இன்னைக்குப் பச்சை வந்தா நான்தான்."

"வருமுங்க. போனவாட்டி யாரு மூஞ்சிங்க வந்துச்சு?" மயில்சாமி குரலைத் தணித்துக்கொண்டார். "கிளப்புல பேசிக்கறாங்க. உங்க வீட்டுக்காரருன்னு பாதிப் பேரு. சேர்மன் சாருன்னு மீதிப் பேரு."

தமயந்தி சிரித்துவிட்டாள். யார் முகம் என்று அவளுக்குத் தெரியும். சிவப்பு வந்ததற்கு முந்தின நாள் காலை அவள் மயக்கிய ஒரு பஸ் கண்டக்டர். ஊசி போடுமுன் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "உங்க பேரைச் சொல்லுங்க" என்று கேட்பது அவள் பழக்கம். அந்த ஆள் பேரைச் சொல்லிவிட்டு, வெள்ளைப் போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொண்டு, "எழுப்பி உட்ருவீங்கல்ல டாக்டர்?" என்றார். எழுப்பினாள். சாயங்காலம் அவர் காபி குடித்தார். மறுநாள் குவாரியில் கதவை உதைத்துத் திறந்து குறிபார்த்தபோது, பழுப்பு அட்டைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்த வெள்ளை அட்டையில் அந்த ஆளின் தாடை தெரிந்தது. விசை பூட்டிக்கொண்டது.

சுடுதளத்தை மேற்பார்க்கும் ரேஞ்ச் ஆபீசர் சபாபதியிடம் அன்றே கேட்டாள். பம்ப் மோட்டார் கம்பெனி என்ஜினியர். கிளப்பில் பூட்டுகளைப் பராமரிப்பவரும் அவர்தான்.

"எனக்கு அவர் மேல என்னங்க கோபம்? படக்கூடாதேன்னு நினைச்சேன், அவ்வளவுதான்."

"பூட்டுக்குக் கோவம், பாசமெல்லாந் தெரியாதுங்க மேடம்," என்றார் சபாபதி, தலையைச் சொறிந்துகொண்டு. "மனுச மூஞ்சியப் பாத்தா மூளையில ஒரு மூலை முழிச்சுக்குது. கவசம் அதைப் புடிக்குது. கொல்லோணும்னு நெனச்சாலும் அதே மூலைதான், காப்பாத்தோணும்னு நெனச்சாலும் அதே மூலைதான்."

"அப்ப இது எதை அளக்குது?"

"ஆளைப் பாக்கறீங்களா, பாக்கலியான்னு. அவ்வளவுதானுங்க. இதைச் சேர்மன் கிட்டச் சொல்லிடாதீங்க. என்னைய மறுபடி லெக்சருக்கு உக்கார வெச்சுருவாரு."

சேர்மன் என்பது சர்ஜன் பட்டாபிராமன். ஆஸ்பத்திரிக்கும் அவரே சேர்மன், கிளப்புக்கும் அவரே தலைவர். இரண்டு இடத்திலும் சுவரில் அவர் படம் இருக்கும். இரண்டிலும் ஒரே படம். பூட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு முறைகூடச் சிவப்பு வந்ததில்லை. அதை அவர் யாரையும் மறக்க விட்டதுமில்லை. சிவப்பு வந்தவர்களை மீட்பதற்காக 'நிர்முகம்' என்று ஒரு பயிற்சி வகுப்பே நடத்தினார். கைவிரல்களை ஆட்டினால் பூப்போட்ட பட்டு ஜிப்பா கூடவே ஆடும்.

"ஒரு சர்ஜனா சொல்றேன் தமயந்தி. வயித்தைத் திறக்கும்போது நான் வயித்தைத்தான் பார்ப்பேன். அது யாரோட வயிறுன்னு பார்த்தா கை நடுங்கும். முகத்தைப் பார்க்காதே. மானிட்டரைப் பாரு. பேரைக் கேட்காதே, நம்பரைக் கேளு. ப்ளீஸ் அண்டர்ஸ்டாண்ட், இதுதான் கருணையோட உச்சம்."

கருணையின் உச்சத்துக்கு ஏற மூன்று வாரம் பிடித்தது. எதிரே வருகிறவர்களைத் துண்டு துண்டாகப் பார்க்கப் பழகினாள்: ஒரு கண்ணாடி, ஒரு காலர், ஒரு வகிடு. ஆபரேஷன் தியேட்டரில் பேர் கேட்பதை நிறுத்தினாள். வேலை சுத்தமாக நடந்தது, வேகமும் கூடியது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவள் கணவர் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "மீசையை எடுத்து மூணு நாளாச்சு. ஆபீஸ்ல வாட்ச்மேன் உள்ளயே விடமாட்டேன்னான். உனக்கு ஒண்ணும் தெரியலையா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதுவோ குறைவதாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தாள்.

"டாக்டர் தமயந்தி, லைனுக்கு வாங்க!" சபாபதி கூப்பிட்டார்.

முன்பெல்லாம் ஒவ்வொருவர் சுடுமுன்பும் ரேஞ்ச் ஆபீசர் தடுப்புகளுக்குப் பின்னால் கோடி வரைக்கும் நடந்து, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று முறை கூவிவிட்டு வருவார். பட்டாபிராமன்தான் அதை நிறுத்தினார். ஆளைக் கண்டால் பூட்டே பூட்டிக்கொள்ளும்போது ஆள் தேடி நடப்பது விஞ்ஞானத்தை அவமதிப்பது என்று கமிட்டியில் பேசினார், கைதட்டினார்கள். அதிலிருந்து சபாபதி கையிலுள்ள டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, "ரேஞ்ச் க்ளியர்" என்று சொல்வதோடு சரி.

"லோட் அண்ட் மேக் ரெடி."

தோட்டாக் கூட்டைச் செருகி, துப்பாக்கியை உறையில் வைத்தாள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் பட்டாபிராமன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒரு ஷூ. ஒரு ஜிப்பா நுனி.

"ஆர் யூ ரெடி?"

தலையசைத்தாள். மனம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல இருந்தது. அதற்காகத்தானே இத்தனை பாடு.

"ஸ்டாண்ட் பை."

பீப்.

உருவினாள். முதல் இரண்டு அட்டைகள், அட்டைக்கு இரண்டு. பச்சை. விரலை விசையிலிருந்து எடுத்து நீட்டிவைத்துக்கொண்டு பீப்பாய்க்கு ஓடினாள். இரும்புத் தட்டு ஒன்று டங்கென்று சாய்ந்தது. பச்சை. கதவை உதைத்தாள். வெள்ளை அட்டை ஒன்று, அதன் தோளுக்கு மேல் ஒரு சாண் பழுப்பு. போனமுறை கண்டக்டர் வந்த இடம் இதுதான். வெள்ளை, வெறும் வெள்ளையாக இருந்தது. டப், டப். பச்சை. சிரிக்கத் தோன்றியது. இனி கடைசி ஜன்னல்தான். அங்கே பழுப்பு மூன்று. சுடுமுன் நடந்து பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள்.

ஜன்னலில் கையை நீட்டினாள். முதல் அட்டை. டப், டப். இரண்டாவது. டப், டப். மூன்றாவது. டப், டப்.

நாலாவது அட்டையின் நடுவில் குறி போய் நின்றது. விரல் விசையை அழுத்தத் தொடங்கிவிட்டது.

நாலாவது ஏது?

அட்டை, வில்லைச் சுருளின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தது.

விரலை எடுத்தாள். எடுத்தது மூளையல்ல, பத்துப் பன்னிரண்டு வருடப் பழக்கம். சந்தேகம் வந்தால் விரல் வெளியே. துப்பாக்கி நீட்டியபடியே இருந்தது. அட்டை திரும்பியது. அதற்கு மூக்கு இருந்தது, மீசை இருந்தது, வாயோரம் ஒரு வில்லை ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி காதுக் கவசத்தைச் சரிசெய்துகொண்ட அது, அவளைப் பார்த்து வாயைப் பிளந்தது.

துப்பாக்கியின் முதுகில் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மீசை, ஒரு மூக்கு, ஒரு வில்லை. எல்லாம் தனித்தனியாக இருந்தன. விளக்கு மாறவில்லை. பிறகுதான் துப்பாக்கியைப் பக்கத்து மண்மேட்டுப் பக்கம் திருப்பி, "ஸ்டாப்! ஆள் இருக்காங்க!" என்று கத்தினாள். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

துப்பாக்கியைக் காலி செய்து காட்டி உறையில் வைப்பதற்குள் எல்லோரும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். மயில்சாமியை இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள். கவசத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒட்டியிருக்கிறார். மற்றவர்கள் திரும்பியது தெரியவில்லை.

"ஓட்டத்தோட டைம் என்ன?" என்றார் பட்டாபிராமன். அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"சார், ஒரு ஆளு செத்திருப்பாருங்க," என்றார் சபாபதி.

"செத்தாரா? இல்லையே. சிஸ்டம் வேலை செஞ்சிருக்கு."

"எங்கீங்க செஞ்சுது?" சபாபதி டேப்லெட்டை நீட்டினார். "ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் பச்சை. இது என்ன சொல்லுதுன்னா, உள்ள மனுசனே இல்லைன்னு சொல்லுது."

பட்டாபிராமன் டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். சற்று யோசித்தார். முகம் தெளிந்தது.

"அப்போ இல்லை."

"என்னுங்க?"

"பதிவுப்படி ரேஞ்சில் யாரும் இல்லை. கமிட்டி பதிவைத்தான் பார்க்கும்."

"சேர்மன் சார்," என்றார் மயில்சாமி. நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். "நான் அங்கதான நின்னேன்?"

"ப்ளீஸ் அண்டர்ஸ்டாண்ட் மயில்சாமி. நீங்க பதட்டத்துல இருக்கீங்க."

"பதட்டத்துல இருந்தாலும் நின்னுட்டுத்தானுங்க இருந்தேன்!"

பட்டாபிராமன் அவரை விட்டுவிட்டுத் தமயந்தி பக்கம் திரும்பினார். குரலில் தேன் வடிந்தது. "ஒரு சர்ஜனா சொல்றேன், அபாரம். இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன், உன்னை மாதிரி யாரும் நிர்முகத்தைத் தொட்டதில்லை. ஒரு மறு ஓட்டம் ஓடிடு. பச்சை வந்ததும் சான்றுல நானே கையெழுத்துப் போட்டுடறேன். செவ்வாய்க்கிழமை நம்ம தியேட்டர்ல நீதான்."

நம்ம தியேட்டர். பச்சை சர்ஜன், பச்சை மயக்க டாக்டர், மேஜைமேல் ஒரு வயிறு. இந்த மூன்று வாரத்தில் எத்தனை பேரைத் தூங்க வைத்தோம் என்று தமயந்தி நினைத்துப் பார்த்தாள். ரத்த அழுத்தம் நினைவு வந்தது. ஒரு முகம்கூட வரவில்லை.

மயில்சாமி பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"உங்க முழுப் பேரு என்னங்க?"

"மயில்சாமிதானுங்க. அப்பா பேரு வேலப்பன்." அவர் மருண்டு பார்த்தார். "ஏனுங்க, கேசு எதாச்சும் போடறாங்களா?"

"இல்லைங்க. சும்மா கேட்டேன்."

மறு ஓட்டத்துக்கு முன் சபாபதி, யாரையும் கேட்காமல், கோடி வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். பட்டாபிராமன் அதைக் கவனிக்காத மாதிரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆர் யூ ரெடி?"

தயார்தான், ஆனால் எதற்கென்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். லைசென்ஸ் போகும். வேலை போகும். இந்த ஊரில் இனி எந்த ஆஸ்பத்திரியின் பின்வாசலும் திறக்காது. ஆனாலும் அவளுக்கு வேண்டியிருந்தது சிவப்பு. மூளையில் அந்த மூலை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இல்லையென்றால், பச்சைச் சான்றை மாட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை ஊசியை எடுக்கப் போகிறவள் யார்?

பீப்.

இரண்டு அட்டைகளிலும் கண்டக்டரைத் தேடினாள். வரவில்லை. டப், டப், பச்சை. பீப்பாய். இரும்புத் தட்டில் கணவர் முகத்தை வைத்துப் பார்த்தாள். வெறும் மேலுதடு வந்தது. டங். பச்சை. கதவு. வெள்ளை அட்டை. போர்வை, தாடை, போர்வை, தாடை என்று மனத்துக்குள் கெஞ்சினாள். அட்டை அட்டையாகவே இருந்தது. பச்சை. இதுவரை இந்த விளையாட்டில் அவளுக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை. பின்னால் பட்டாபிராமன் "பியூட்டிஃபுல்!" என்பது கவசத்தையும் மீறிக் கேட்டது.

கடைசி ஜன்னல். மூன்று பழுப்பு. நாலாவது இடம் காலி. வில்லைச் சுருள் ஒன்று மட்டும் தரையில் கிடந்தது.

முதல் அட்டை. பச்சை. இரண்டாவது. பச்சை. மூன்றாவதைச் சுட்டுவிட்டால் முடிந்தது, சான்று கையில். துப்பாக்கியை அசைக்காமல் நிறுத்தினாள். நேரம் ஓடியது. சபாபதி என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்.

தமயந்தி அட்டையைப் பார்த்து, தியேட்டரில் கேட்கிற அதே குரலில், வாய்விட்டுக் கேட்டாள்:

"உங்க பேரைச் சொல்லுங்க."

மயில்சாமி. அப்பா பேரு வேலப்பன். வாயோரத்து வில்லை முதலில் வந்தது. அதைச் சுற்றி வாய் வந்தது. வாய்க்கு மேலே மீசை, மூக்கு, மிரண்ட இரண்டு கண்கள் எல்லாம் ஒன்றையொன்று தேடிப் பிடித்து ஒரே ஆளாகச் சேர்ந்தன.

விசை கல்லாக இறுகியது. முதுகில் சிவப்பு.

சபாபதியின் டேப்லெட் கீச்சிட்டது. அது கீச்சிடும்போதே செய்தி ஆஸ்பத்திரிக்கும் போய்விடும். தமயந்தி துப்பாக்கியைக் காலி செய்து காட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது. பார்த்தவர்கள் வேலை போன துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தர்கூட அருகில் வரவில்லை. சிவப்பு தொற்றிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு.

"ஐயோ பாவம்," என்றார் பட்டாபிராமன், அவள் தலைக்கு மேலே எங்கோ பார்த்து. "அவ்வளவு நல்லா வந்துட்டிருந்தே. உள்ளே என்ன வன்மமோ. சபாபதி, அடுத்தது நான்தானே?"

தமயந்தி பையை எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தபோது மயில்சாமி எழுந்து பின்னாலேயே வந்தார்.

"டாக்டரம்மா. என்ற மூஞ்சிதான வந்துச்சு?"

"ஆமாங்க."

"என்னையச் சுட்டுப்போடோணும்னா?"

"சுட்டுறக் கூடாதுன்னுங்க."

மயில்சாமி அவள் கண்களைப் பார்த்தார். மனை விற்பவர், வாங்குகிறவன் எதைச் சொல்கிறான் என்பதைவிட எதைப் பார்க்கிறான் என்று கவனித்தே பிழைத்தவர். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "செவப்பு டாக்டருங்க எல்லாம் இப்ப எங்கீங்க இருக்கறாங்க? செவப்பு சர்ஜன் யாராச்சும் தெரியுமுங்களா?"

"எதுக்குங்க?"

"செவ்வாக்கெழம." அவர் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார். "சேர்மன் சாரு இத்தன வருசமாப் பச்சைங்கறாரு. எனக்கு வேண்டாமுங்க."

அதற்குள் லைனில் பட்டாபிராமன் நின்றுவிட்டார். ஜிப்பாவுக்கு மேல் பெல்ட், நெஞ்சு நிமிர்ந்திருந்தது. சபாபதி டேப்லெட்டைப் பார்த்தார், தடுப்புகளைப் பார்த்தார். "ரேஞ்ச்..." என்று ஆரம்பித்துவிட்டு, மீதியைச் சொல்லாமல் நிறுத்தினார்.

"என்ன சபாபதி? பச்சைதானே? ஆரம்பிங்க."

தமயந்தி பையைக் கீழே வைத்தாள். இன்றோடு அவள் இந்தக் கிளப்பில் யாரும் இல்லை. குரல் கொடுக்க அவளுக்கு உரிமையும் இல்லை. கைகளை வாயருகே குவித்துக்கொண்டு குவாரி அதிரக் கூவினாள்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

பட்டாபிராமன் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். எதிர்ச்சுவரில் பட்டு அவள் குரலே திரும்பி வந்தது. அது அடங்கும்வரை பொறுத்திருந்து, இரண்டாவது முறையும் கூவினாள். மூன்றாவது முறை மயில்சாமியும் சேர்ந்துகொண்டார்.